ஹரிஹரசுதன் சார் வரைந்த விமானம்

ஹரிஹரசுதன் சார் வரைந்த விமானம் வடக்கே எங்கேயோ விழுந்து நொறுங்கிவிட்டது, அதில் வேலை போய்த்தான் மனிதர் திருச்சிக்கு வந்து வாத்தியாரானார் என்று எங்கள் காலேஜில் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பியது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் காலேஜ் வேன் ஓட்டுகிறவன். ரோட்டைப் பார்க்கத்தான் சம்பளம். ஆனால் உண்மை எனக்குத் தெரியும். மணப்பாறையில் அவர் வாயாலேயே கேட்டேன்.

சாருக்கு ஐம்பத்து நாலு வயது. ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. பத்து வருஷமாக போர்டில் அதே இறக்கையை வரைந்து விமான இன்ஜினியரிங் பாடம் நடத்துகிறார். முதல் வருஷம் நாற்பது பேர் படித்தார்கள். அதில் விமானத்துக்குப் பக்கத்தில் போனவன் ஒருவன்தான். அதுவும் பெட்டி ஏற்றுகிற வேலை. பிறகு யார் வந்து சேருவார்கள்?

இந்த வருஷம் ஒன்பது பேர். சாயங்காலத்துக்குள் பத்தாவது ஆள் வராவிட்டால் டிபார்ட்மெண்டை மூடிவிடுவோம், நீங்களும் கிளம்பலாம் என்று சேர்மன் சொல்லிவிட்டார். எங்கள் மாதிரி காலேஜில் வாத்தியார்தான் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். அன்றைக்கு சாரை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். ஐந்து வீட்டில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஆறாவது, மணப்பாறையில் மாட்டு வியாபாரி அழகர்சாமி வீடு. மகள் யமுனா ப்ளஸ் டூ முடித்திருந்தாள்.

அழகர்சாமி எங்களுக்கு மோர் கொடுத்தார். "உங்க ப்ளேன் விழுந்துடுச்சாமே சார்? போன வாரம் சந்தையில இந்த டிரைவர் அண்ணன்தான் சொன்னாரு."

எனக்குப் புரையேறியது.

"அட, அதுக்கென்னங்க? நல்ல மாடும் ஒருநாள் கால் இடறத்தான் செய்யும். விழுந்தாலும் ஒரு தடவ பறந்துச்சுல்ல? அவ்வளவு பெரிய ஆளுகிட்ட எம்பொண்ணு படிக்கட்டும். யமுனா, சர்ட்டிபிகேட்ட எடுத்தா!"

ஃபைலோடு வந்த யமுனா, அதைக் கொடுக்காமல் நின்றாள். "நெசமாவே பறந்துச்சா சார்?"

நான் சாரின் காலை மெல்ல மிதித்தேன். தலையை ஆட்டினால் போதும், வேலை தப்பிக்கும்.

சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஃபைல உள்ள வச்சிடும்மா. பதினெட்டு வருஷம் பேப்பர்ல வரைஞ்சேன். செய்யாமலேயே கம்பெனிய மூடிட்டாங்க. விழலம்மா. பறந்தாத்தானே விழும்?"