அம்மாவை வெட்டிய படம்

சார், என் அம்மாவைப் படத்திலிருந்து வெட்டியது நீங்கள்தான்.

கல்லூரி போட்டோ வகுப்பில், பட்டனை அழுத்துமுன் நான்கு ஓரங்களையும் பார்க்கச் சொன்னீர்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியை அப்படிப் பார்த்துத்தான் எடுத்தேன். நடுவில் அப்பா, வலது ஓரத்தில் அம்மா. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்க்கும் கோர்வைப் புடவையை ஒரே ஆள் நெய்ய முடியாது. உடலுக்கு அப்பா ஊடை நூல் நாடா விட்டால், கரைக்கு அம்மா விட வேண்டும்.

படத்தைக் காட்டியதும், "ஓரத்துல யாரும்மா அது? டிஸ்டர்பா இருக்குது, கிராப் பண்ணிடு" என்றீர்கள்.

"எங்கம்மா சார். அவங்களும்தான் நெய்யறாங்க" என்றேன். சிரித்தீர்கள்.

கல்லூரிக் கண்காட்சியில் அப்பா மட்டும் தொங்கினார். கீழே என் பெயர். பார்க்க வந்த அம்மா, "உங்கப்பாவுக்கு ரெண்டு கையே போதுமாம்மா? இனிமே நான் சும்மா குந்திக்கினு இருக்கலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஸ்டூடியோவுக்கு ஓடி முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டு வந்து, வெட்டிய படத்தின் மேலேயே ஒட்டினேன்.

அம்மா கிட்டப் போய்ப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணிடம், "இது நான்தாம்மா. கரை என்னுது" என்றாள். அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் எடுத்ததிலேயே சரியான படம் அதுதான்.

மறுநாள் அதைக் கிழித்துவிட்டு, விதியை மீறினேன் என்றீர்கள். எந்த விதி சார்? மொத்த வகுப்பின் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.