திரையில் பூஜ்யம், வாசலில் ஒரு ஜோடி செருப்பு

சரளா மேடம் இறந்துபோன செய்தி, நான் புதுவாயல் கூட்டு ரோட்டில் டீக்கடை வாசலில் நிற்கும்போது வந்தது. காலை ஏழரை மணி. கம்பெனி பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எங்கள் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் ஷிப்ட் மாற்றத்துக்கும் கேன்டீன் அறிவிப்புக்கும் நடுவே ஒரு வரி: "பர்மிட் ரூம் சரளா மேடம் நேத்து மாரடைப்புல தவறிட்டாங்க. வீடு பொன்னேரி." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தேன். உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, நிம்மதி. என்னைப் பற்றிய ஒரு விஷயம் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார் என்கிற நிம்மதி. அடுத்த நிமிடமே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. பஸ் வந்து நின்று போனது. நான் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்து அவருடைய மகள் போன் செய்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் வருவார்கள், நீங்கள் நாலு வார்த்தை எழுதிவந்து படிக்க வேண்டும் என்றாள். "அம்மா உங்களப் பத்தி ஒரு நாளும் தப்பா சொன்னதில்ல சார்." சரி என்றேன். இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அவர் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடைசி வரை போய்ச் சேருவேனா என்று எனக்கே தெரியவில்லை.

தொழிற்சாலையைப் பார்க்காத உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் பெயின்ட்டுக்கான பிசின் செய்கிறோம். பெரிய இரும்புத் தொட்டிகள். அவ்வப்போது ஆள் உள்ளே இறங்கி, ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டி முடித்ததும், தீப்பற்றாமல் இருக்க தொட்டிக்குள் நைட்ரஜன் விடுவோம். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. உள்ளே ஆள் இருந்தால் மூச்சு போவதுகூட அவருக்குத் தெரியாது, அப்படியே சாய்ந்துவிடுவார். அதனால்தான் பர்மிட் அறை. சரளா மேடம் கையெழுத்துப் போடாமல் யாரும் தொட்டிக்குள் இறங்க முடியாது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று அவர் ஸ்லிப் கொடுக்காமல் நைட்ரஜனைத் திறக்கவும் கூடாது.

என் பெயர் மூர்த்தி, கம்ப்யூட்டர் பிரிவு. ஆறு வருடத்துக்கு முன் தலைமை அலுவலகம் இரண்டு மென்பொருள்களை வாங்கித் தந்தது. கேட்டில் யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று குறித்துக்கொள்வது ஒன்று. பர்மிட் அறைக்கானது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு கம்பெனிகளுடையவை, இரண்டுமே கிளவுடில் எங்கேயோ ஓடுபவை, ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. இரண்டையும் இணைத்து, கேட்டில் பதிவாவது பர்மிட் திரையில் தானாக வந்து விழும்படி செய்வது என் வேலை. நாலு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்தேன். கேட்டில் ஒருவருக்கு ஒரு எண், பர்மிட்டில் அவருக்கே வேறு எண். இருவரும் ஒரே ஆள் என்று தெரிந்துகொள்ள இரண்டிலும் பொதுவாக இருந்தது செல்போன் நம்பர் மட்டும்தான். அதை வைத்தே பொருத்தினேன். எங்கள் ஆபீஸ் ஆட்களை வைத்துச் சோதித்தபோது ஒரு பிசகும் இல்லை.

செய்துகாட்டிய அன்று கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். சரளா மேடம் மட்டும் கையைத் தூக்கினார். "சார், அங்கேர்ந்து இங்க கொண்டாந்து போடறது யாரு?" யாருமில்லை மேடம், தானாகவே வரும் என்றேன். "தானா வரட்டும் சார். தப்பா வந்தா நான் யாராண்ட போய் கேக்கறது?" அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேள்விக்குப் பதில் வரும் என்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தொட்டியில் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளிகள் பர்மிட் அறை வாசலில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு பூட்ஸ் மாட்டுவார்கள். வேலை முடிந்தவுடன் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு செருப்போடு போவார்கள். யாருடைய செருப்பு எது என்று மேடத்துக்கு அத்துப்படி. ஸ்லிப்பில் கையெழுத்துப் போடும் முன் எட்டி வாசலைப் பார்ப்பார். இதை நான் கேன்டீனில் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். கோயில் வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போகலாம் மேடம் என்றுகூடச் சொன்னதுண்டு.

இணைப்பு ஓடத் தொடங்கிய முதல் வாரம். தலைமை அலுவலகத்திலிருந்து இருவர் வந்து மேனேஜர் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பர்மிட் அறையில் மேடம் பக்கத்தில் நின்றேன். மூன்றாம் எண் தொட்டிக்குள் இருந்தவர் ஒருவர் மட்டும், பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த பரசுராமன். தொட்டியின் வாயில் காவல் நிற்க வேண்டியவருக்குத் தலைசுற்றல் வந்து, அந்த ஒப்பந்த ஆட்களின் மேஸ்திரி அவரைக் கைத்தாங்கலாகக் கேட்டுக்கு வெளியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார். இது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. அவர்கள் கேட்டைத் தாண்டியதும் பர்மிட் திரையில் பச்சை விழுந்தது. தொட்டி மூன்று. உள்ளே இருப்போர் பூஜ்யம்.

"ஸ்லிப் குடுங்க மேடம்," என்றேன்.

அவர் வாசலைப் பார்த்தார். "பரசு செருப்பு கீது சார்."

"மறந்து விட்டுட்டுப் போயிருப்பான்."

"பூட்ஸோட பஸ் ஏறுவானா? பூட்ஸ் திரும்பி வரலியே."

மேனேஜரிடமிருந்து போன். என்ன தாமதம், பார்க்க வந்தவர்கள் கேட்கிறார்கள் என்று கத்தினார். எனக்குக் காது சுட்டது. நாலு மாத உழைப்பை ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கவிழ்க்கப் பார்க்கிறதே என்று ஆத்திரம். "செருப்பப் பாத்து பர்மிட் குடுக்கறதுக்கா மேடம் இத்தன செலவு பண்ணாங்க?" என்றேன். அவர் ஸ்லிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆளக் கண்ணால பாத்துட்டு வந்து குடுக்கறேன்," என்று வெளியே நடந்தார். அறை வாசலில் லாரி டிரைவர்களும் லோடு ஆட்களும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மேசைமேல் போன் மறுபடி அடித்தது. கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். மூணாம் தொட்டி திறக்கலாமா என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "உள்ள யாருமில்ல. ஸ்லிப் வந்துக்கினு இருக்கு, திறங்க."

வெளியே பத்தடி போயிருந்த சரளா மேடத்தின் காதில் அது விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஓடினார். ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டியின் வாய்க்குப் போகும் இரும்புப் படிகளில் ஏறினார். நானும் பின்னால் ஓடினேன். பாதி வழியிலேயே குழாயில் புஸ்ஸென்ற சத்தம் கேட்டது. மேலே அவர் ஸ்பேனரால் தொட்டியை அடிக்கிற சத்தம். "பரசு, மேல வா. பரசு, மேல வாடா."

தொட்டி வாயில் முதலில் இரண்டு கைகள் தெரிந்தன. மேடமும் நானும் ஆளுக்கொரு கையாக இழுத்தோம். பரசுராமன் தொட்டியைச் சுற்றியிருந்த இரும்புக் கிரில் தளத்தில் மல்லாந்து படுத்து, "இன்னா மேடம், நாஷ்டா துன்ன நேரமாச்சா?" என்று கேட்டார். நாக்கு குழறியது. மேடம் அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கீழே பார்த்து வால்வை மூடு என்று கத்தினார். பரசுராமனுக்கு இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் கை மேலே வந்திருக்காது.

அன்று சாயங்காலமே காரணத்தைக் கண்டுபிடித்தேன். மேஸ்திரி தன் ஆட்கள் ஆறு பேருக்கும் தன்னுடைய நம்பரையே படிவத்தில் எழுதியிருந்தார். கேட்டால், "போனைக் கேட்டுலயே வாங்கி வெச்சிக்கிறீங்க. அவனுங்க நம்பரு இன்னாத்துக்கு? எதுனா ஒண்ணுன்னா என்னைத்தான கூப்புடுவீங்க," என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரே நம்பரில் ஒருவர் வெளியே போனதும் என் இணைப்பு ஆறு பேரையும் வெளியே அனுப்பிவிட்டது. பிழையைத் திருத்தும்போது மேடம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "ஒரு நம்பருக்கு ரெண்டு பேரு வந்தா ரெண்டு பேரையும் தொடாத, என்னக் கூப்புடுன்னு எழுதுங்க சார்." அப்படியே எழுதினேன். இன்றைக்கும் அந்த விதியின் பேரில்தான் அது ஓடுகிறது.

மறுநாள் கூட்டத்தில், மூர்த்தி உடனே கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று மேனேஜர் பேசினார். வாய்க்கு வாய் மாறி ஒரு வாரத்தில் அது, மூர்த்தி சார்தான் சந்தேகப்பட்டு மேடத்தை ஓடச் சொன்னார் என்று ஆகிவிட்டது. நான் மறுக்கவில்லை. விசாரணையில், போனில் பேசியது யார் என்று கேட்டார்கள். மெஷின் இரைச்சலில் குரல் பிடிபடவில்லை என்றார் ஆபரேட்டர். மேடத்தைக் கேட்டார்கள். "நான் படியாண்ட ஓடிக்கினு இருந்தேன். ரூம்ல நெறைய பேரு," என்றார். பர்மிட் அறை போனைப் பிறர் எடுக்க விட்டது அலட்சியம் என்று அவருக்கு மெமோ வந்தது. அந்த வருடம் வரவேண்டிய சூப்பர்வைசர் பதவி வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

மெமோ வந்த அன்று அவரைத் தேடிப் போனேன். ஏன் மேடம் சொல்லவில்லை என்று கேட்டேன். டிபன் பாக்ஸை மூடியபடியே சொன்னார்: "நான் சொன்னா உங்க வேல போயிடும். நீங்களாப் போய் சொன்னா உங்களுக்கு மெமோவோட போவும். யோசிச்சிக்கினு சொல்லுங்க, அவசரமில்ல." நன்றி சொன்னேன். "எனக்கு இன்னாத்துக்கு சார் நன்றி? போய் சொல்லுங்க."

நான் ஆறு வருடம் யோசித்தேன். பதவி உயர்வு வந்ததும் சொல்லலாம், மகனைக் கல்லூரியில் சேர்த்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பரசுராமன் ஒவ்வொரு பொங்கலுக்கும் என் வீட்டுக்கு வந்து, உயிர் கொடுத்தவர் என்று என் மனைவியிடம் சொல்லி, ஒரு பை இறால் கொடுத்துவிட்டுப் போவார். மேடத்துக்கும் கொடுப்பார், அவருக்குக் கொஞ்சம் சின்ன பை. பொங்கல் முடிந்து வேலைக்கு வந்தால் மேடம் என்னிடம், "எறா நல்லா இருந்துச்சா சார்?" என்று கேட்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒருமுறை மட்டும், "பேஜாரா இல்லியா சார் உங்களுக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். உடம்பு சரியில்லாதவரை விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்.

இனி எனக்கு அவரிடமிருந்து என்ன மிச்சம் என்று சொல்ல வேண்டும். அவருடைய துணிவு என்னிடம் இல்லை, பொறுமையும் இல்லை. அவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பினாலும் அவர் நம்ப மாட்டார். அவருடைய மகளிடம் அந்த மெமோவைக் கேட்டு வாங்கினேன். பீரோவில் மடித்து வைத்திருந்தாராம். என்னுடையதை அவர் வைத்திருந்தார், நான் எடுத்துக்கொள்கிறேன். அதன் நகலை ஒரு கடிதத்தோடு சேர்த்து இன்று காலை மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். அவர் இருக்கும்போது செய்திருக்க வேண்டியது. அவர் போன பிறகு செய்கிறேன் என்பதற்காக எந்தப் பெருமையும் எனக்கு வேண்டாம்.

பரசுராமன், நீங்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அன்றைக்கு உள்ளே யாருமில்லை, திறங்க என்று போனில் சொன்னவன் நான். உங்களைக் காப்பாற்றியது சரளா மேடம் மட்டும்தான்.