கோமதிநாயகம் அண்ணாச்சியின் துண்டு முடிச்சு

வார்டில் போன் அடித்தபோது ஒரு குழந்தைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். எடுத்தால், கோமதிநாயகம் அண்ணாச்சியின் மகள் செண்பகம். "அத்தை, அப்பா விடியக்காலம் போயிட்டாவ" என்றாள். என்ன கேட்பதென்று தெரியாமல், "துண்டு எங்கட்டி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குப் புரிந்தது. "தோள்லதான் கிடக்கு. முடிச்சு ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

சங்கரன்கோவிலில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வெளியூரிலிருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பாம்புக்கடிக்கு மந்திரிக்கிறவர். எழுபதுகளில் இந்த இரண்டு வேலையையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். புளியங்குடி எலுமிச்சை மண்டியிலிருந்தோ ஏதாவது கிராமத்துத் தபால் ஆபீசிலிருந்தோ கூப்பிடுவார்கள். "ரிசீவரைக் கடிபட்டவன் காதுல வையி" என்பார். பிறகு தாழ்ந்த குரலில் மந்திரம் தொடங்கும். ஒரு சொல்லும் பிடிபடாது; முனகல்போல ஏறி இறங்கும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் கடிபட்டவனின் தலையிலிருந்து கால்வரை வேப்பிலையால் மெல்லத் தடவி இறக்க வேண்டும். கடைசியில் தன் துண்டின் முனையை முறுக்கி ஒரு முடிச்சு போடுவார். ரிசீவருக்குப் பக்கத்தில் துண்டை ஓர் உதறு உதறுவார். அந்தச் சத்தம் கேட்டால் விஷத்தைக் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

நான் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். வேதக்கோவிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, மந்திரம் என்றாலே முகம் சுளிக்கப் பழகியவள். ஒருநாள் கடிபட்ட ஒருவரை அவர் வீட்டார் ஆற அமரக் கூட்டிவந்தார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், "அதான் அண்ணாச்சி முடிச்சு போட்டுட்டாவளே" என்றார்கள். டியூட்டி முடிந்ததும் நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விட்டேன்.

"நீங்க முனங்குனா விஷம் எறங்குமா அண்ணாச்சி? எறங்குச்சுன்னு சொல்லுததெல்லாம் விஷமில்லாத பாம்பு கடிச்சது."

அவர் கோபப்படவில்லை. "கடிபட்டவன் பயத்துல ஓடுதான் சிஸ்டர். சுத்தி நிக்கவன் கத்தியால கீறுதான். என் சத்தம் கேட்டா அடங்கி உக்காருதான். பெறவு ஆஸ்பத்திரிக்குப் போன்னுதானே சொல்லுதேன்."

"அதுக்கு உக்காருன்னு சொன்னா போதாதா? மந்திரம் எதுக்கு?"

"நீங்க சொல்லிப் பாருங்களேன்."

நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் உட்கார்ந்ததில்லை. அதை அவரிடம் ஒத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

இதனால் மந்திரத்தை அவர் வெறும் நடிப்பாக நினைத்தார் என்று யாரும் எண்ண வேண்டாம். முழுக்க நம்பினார். கிரகணம் பிடித்தால் இடுப்பளவு தண்ணீரில் நின்று மந்திரத்தை உருப்போடுவார். மந்திரித்த வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டார். அப்படி என்னதான் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "சொன்னா பலிக்காது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயியைப் பாம்பு கடித்தது. அவருடைய தம்பி போன் செய்தார். அண்ணாச்சி முடிச்சு போட்டுவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். முடிச்சு விழுந்த தைரியத்தில் அவர்கள் வீட்டிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். சாயங்கால பஸ்ஸில் கொண்டுவந்தபோது அவருக்கு மூச்சு இல்லை. தகவல் கேட்டு அண்ணாச்சி ஓடிவந்தார். துண்டில் முடிச்சு அப்படியே இருந்தது. வராந்தாவில் அந்த மனிதரின் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி அவளுக்கு எதிரே போக முடியாமல் தூணோரம் நின்றார்.

"நான் விஷத்தைக் கட்டல சிஸ்டர். அவனைத்தான் வீட்டோட கட்டிப் போட்டுட்டேன். இனி இதுக்கு வாயத் தொறக்க மாட்டேன்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம்தான் வந்தது. "நீங்க வாய மூடுனா வேற ஒருத்தனைத் தேடிப் போவாவ. அவன் ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லுவானா?" என்றேன். அவிழ்க்காத முடிச்சோடு போய்விட்டார்.

சில நாள் கழித்து வந்தார். முகம் இறுகியிருந்தது. "முடிச்சு நான் போடுதேன். அவுக்கிறது நீங்க. ஆஸ்பத்திரியில, ஊசி போட்ட பெறவு, உங்க கையால. அப்பதான் கட்டு செல்லும்னு எல்லா ஊருக்கும் சொல்லப் போறேன்."

"நான் வேதக்கோவிலுக்குப் போறவ அண்ணாச்சி. மந்திர முடிச்சை என்னை அவுக்கச் சொல்லுதியளா?"

"நீங்க நம்ப வேண்டாம். விரல் இருந்தா போதும்."

எனக்கு அது சின்ன விஷயமில்லை. என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள். ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சரி என்றேன்.

அதற்குச் சோதனை சீக்கிரமே வந்தது. புளியங்குடியில் எலுமிச்சை பறிக்கப் போன முப்பிடாதி என்ற பெண்ணை நல்லபாம்பு கடித்துவிட்டது. அவள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஆகாது. மண்டி போனில் அண்ணாச்சி மந்திரித்து முடித்துவிட்டு, "சிஸ்டர் அவுக்கலன்னா முடிச்சு உள்ளுக்குள்ள இறுகும் வே. உடனே கெளப்பு" என்று மிரட்டியிருக்கிறார். எலுமிச்சை லாரியில் மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு இமைகள் அப்போதே தொங்கத் தொடங்கிவிட்டன. நான் ஊசியை எடுத்தால், அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல முடிச்சை அவுத்துவிடுங்கம்மா."

அந்த நேரத்தில் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அண்ணாச்சி வந்து சேர்ந்தார். "தள்ளு வே. ஊசி ஏறுனாத்தான் முடிச்சு இளகும்" என்று அந்த மனிதரின் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார். டாக்டரும் நானும் விஷமுறிவு மருந்தை ஏற்றினோம். பாட்டில் மாற்றி பாட்டில் ஏறியது. வெயில் தாழ்ந்த பிறகு அவளுடைய இமை லேசாக உயர்ந்தது. தண்ணீர் கேட்டாள்.

அண்ணாச்சி துண்டை நீட்டினார். வியர்வையில் ஊறிய முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பித்தான் அவிழ்க்க முடிந்தது. அவிழ்ந்ததும் அந்த அப்பா தரையில் உட்கார்ந்து தேம்பினார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. இதை மறைப்பானேன்?

அதன் பிறகு கடிபட்டவர்கள் நேரத்தோடு வந்தார்கள். வந்தும் சிலர் பிழைக்கவில்லை. அந்த நாட்களிலும் அண்ணாச்சி வந்து துண்டை நீட்டுவார். "அவுத்துத்தான் அனுப்பணும் சிஸ்டர்" என்பார். அவிழ்த்துக் கொடுப்பேன். சபையில் ஒரு பெரியவர் இதைப் பற்றி என்னை விசாரித்தார். "துண்டுல முடிச்சு கெடந்துச்சு, அவுத்தேன்" என்றேன்.

இப்போது எக்ஸ்சேஞ்சில் எல்லாம் தானியங்கி ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அண்ணாச்சியின் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் காரியம் முடிந்த மறுநாள், மாட்டுத்தொழுவில் கடிபட்ட ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பயத்தில் உடம்பு தூக்கிப் போட்டது. கையை ஒரு நிலையில் வைக்க மாட்டாள், நரம்பு அகப்படவில்லை. "அண்ணாச்சி போயிட்டாவளே, இனி யாரு சிஸ்டர் முடிச்சு போடுவா?" என்று மாமியார் அழுதாள்.

"நீங்க முந்தானையைக் கொடுங்க" என்றேன். முனையை முறுக்கி ஒரு முடிச்சு போட்டேன். அந்தப் பெண்ணின் காதருகில் குனிந்தேன். என் உதடு அசைந்தது. முந்தானையை ஓர் உதறு உதறினேன். அவள் கை மெல்ல அடங்கியது, ஊசி ஏறியது. சாயங்காலம் அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு முடிச்சை நானே அவிழ்த்தேன்.

அண்ணாச்சியை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். நான் வேலையில் இருக்கும்வரை இதை விடப்போவதில்லை. யார் வேண்டுமானாலும் வந்து விசாரிக்கட்டும். அவள் காதில் என்ன சொன்னேன் என்று மட்டும் கேட்க வேண்டாம். சொன்னால் பலிக்காது.