நேராகப் பூட்டிய மெசூசா

கதவு வேலையில் நான் கண்ணை நம்புவதில்லை, மட்டம் பார்க்கிற ஸ்பிரிட் லெவலைத்தான் நம்புவேன். அந்தக் கெட்டித்தனம் ஹெண்டன் பகுதியில் ஒரு யூத வீட்டில் பலிக்கவில்லை.

வீட்டுக்காரி மிரியம், பள்ளி ஆசிரியை. அதற்கு முந்தின வாரம் அவருடைய கணவர் யூதத் தொப்பியோடு கடைக்குப் போனபோது, காரில் போனவர்கள் தூஷணத்தால் ஏசியிருக்கிறார்கள். அதே தெருவில் இன்னொரு யூத வீட்டுக் கதவில் யாரோ பெயின்ட் அடித்துவிட்டார்கள். அதனால் புதுக் கதவு, டெட்லாக் பூட்டு, சங்கிலி, கமரா பெல் எல்லாம் வேண்டும் என்றார். கடைசியாக, கதவு நிலையில் இருந்த விரல் நீளக் கூட்டைக் கழற்றி உட்பக்கம் பூட்டச் சொன்னார். அது மெசூசா. உள்ளே வேத வசனம் எழுதிய தோல் சுருள் இருக்கும். யூத வீடென்று தெருவுக்குக் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

பழைய இடத்தில் அது சரிந்து நின்றது. யாரோ அரைகுறை ஆளின் வேலை என்று நினைத்து, உள்ளே லெவல் வைத்து நேராகப் பூட்டினேன். மிரியம் வந்து பார்த்தார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகத்தில் சிரிப்பு வந்தது. தங்கள் வழக்கத்தில் அது சரிந்துதான் நிற்க வேண்டும் என்றார்.

திரும்பக் கழற்றும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. கொழும்புக் கலவரத்தில் தமிழச்சி என்று தெரியாமலிருக்க அம்மா பஸ்ஸுக்குள் பொட்டை அழித்த கதையைச் சொன்னேன். மிரியம் ஆங்கிலத்தில் கேட்டது என் காதில் இப்படித்தான் நிற்கிறது:

"பிறகு உங்கட அம்மா பொட்டு வைச்சவாவோ?"

"ஓம். இப்ப இங்க சட்டனில இருந்துகொண்டு முந்தியை விடப் பெரிசா வைக்கிறா."

மிரியம் என் கையிலிருந்த கூட்டைப் பார்த்தார்.

"அப்ப வெளியிலயே பூட்டுங்கோ."

எனக்குத்தான் பயம் பிடித்தது. ஏதும் நடந்தால் என் கதையால் வந்த வினையாகிவிடும். யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

"பயம் போகேல்லை. அதுக்குத்தானே இவ்வளவு பூட்டு."

லெவலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அவர் கைகாட்டிய சரிவில் பூட்டினேன்.

அடுத்த மாதம் கதவுப் பிணைச்சல்களை இறுக்கிக் கொடுக்கப் போனேன். மெசூசா வெளியிலேயே இருந்தது. வேலை முடிந்து வாசலில் நின்றபோது கணவர் தொப்பியோடு வந்தார். அதைத் தொட்டு விரலை முத்தமிட்டு உள்ளே போனார். பின்னால் டெட்லாக் விழுந்தது, சங்கிலியும் விழுந்தது. இரண்டும் சிக்காமல் விழுந்த சத்தம் கேட்டு எனக்குச் சந்தோஷம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, நிலையில் இருப்பதைக் கழற்றச் சொன்னால் உடனே ஸ்குரூட்ரைவரை எடுக்காதீர்கள். ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.