பேசாலைச் சகோதரிகளின் இரண்டாம் குரல்

அக்கா புனிதமலர் மன்னாரில் இறந்துபோன செய்தி வந்தபோது அகஸ்ரீனா, பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் தான் வேலைசெய்யும் வீட்டில், வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் மேசைவிரிப்பை மினுக்கிக்கொண்டிருந்தாள். கொழும்பிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசியில் சொன்னான். "ஓம் தம்பி, சரி" என்றாள். பிறகு விரிப்பின் மற்றப் பாதியையும் சுருக்கமில்லாமல் மினுக்கி, மடித்து, அலுமாரியில் வைத்தாள்.

அழுகை வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. அவளுடைய பெர்மெசோ, அந்த வெளிநாட்டில் தங்கியிருக்கும் அனுமதி, புதுப்பிப்பதற்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் கிடந்தது. அது கையில் இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது. போகமுடியவில்லையே என்றுகூட அவளுக்குத் துக்கமாக இல்லை. உடம்புக்குள் யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. தன்னை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவை நடத்தும் ஏர்னஸ்ற், கபோச் சந்தைப் பக்கம் இருந்த அவளுடைய அறைக்கு வந்தான்.

"முப்பத்தோராம் நாள் பூசையிலை நீங்கள் அந்தப் பாட்டைப் பாடவேணுமக்கா. இஞ்சை இருக்கிற எங்கடை ஊர்ச் சனமெல்லாம் கேக்குது."

"எந்தப் பாட்டு?"

"தெரியாத மாதிரிக் கேளுங்கோ! 'வலை காயும் மணலிலே'. எங்கடை அம்மா அதைப் பாடிப் பாடித்தான் எனக்குச் சோறு தீத்தினவ. நான் இப்பிடி ஊதிப்போனதுக்கு நீங்கள் மூண்டுபேரும்தான் காரணம்."

"பாடுறன்" என்றாள். பாடினாலாவது உள்ளே ஏதாவது அசையும் என்று நினைத்தாள்.

ஐம்பதுகளின் கடைசியில் பேசாலைச் சகோதரிகள் என்றால் தெரியாதவர்கள் குறைவு. தகப்பன் கிறிகோரி கோயில் ஆர்மோனியக்காரர். ஒரு வெள்ளைக்காரச் சுவாமியாரிடம் பல குரல்களைச் சேர்த்துப் பாடும் முறையைப் பழகியவர், அதைத் தன் பெண்பிள்ளைகளில் பரீட்சித்துப் பார்த்தார். மூத்தவள் புனிதமலருக்கு மெட்டு. நடுவிலாள் அகஸ்ரீனாவுக்கு அதற்குக் கீழே, தாழ்ந்த குரலில் ஒரு வழி. சின்னவள் எமிலியானாவுக்கு மேலே ஒரு வழி. ஒருவர் மற்றவரின் மெட்டுக்குள் இழுபட்டுப் போகக்கூடாதென்று மூவரையும் மூன்று சுவரைப் பார்த்து நிற்கவைத்துப் பழக்குவார். அகஸ்ரீனாவின் குரல் கொஞ்சம் மேலே ஏறினாலும் போதும், ஆர்மோனியப் பலகையில் மடாரென்று ஒரு அடி விழும். "அக்காவுக்குப் பின்னாலை போகாதை! உன்ரை வழியிலை நில்!"

கோயிலில் தொடங்கி, திருவிழா மேடைகளுக்குப் போய், கடைசியில் கொழும்பு வானொலிக்கும் போனார்கள். ஒரே சீலைக்கரையில் மூவருக்கும் உடுப்பு. ஒரேயொரு ஒலிவாங்கி. அக்கா கிட்ட நிற்பாள், மற்ற இருவரும் ஓரடி பின்னால். 'வலை காயும் மணலிலே' பாட்டில் மூன்றாவது வரி முடிந்ததும் அக்கா நிறுத்துவாள். அந்த இடத்தில் தங்கைகள் இருவரும் மட்டும் "வந்து நில்லம்மா" என்று மெதுவாகப் பாடுவார்கள். பிறகு அக்கா மறுபடி எடுப்பாள்.

பிறகு காலம் மாறியது. தனிக்குரல்தான் எடுபடுகிறது, மூத்தவள் மட்டும் வந்தால் போதும் என்று கொழும்பு வானொலியிலிருந்து சொல்லிவிட்டார்கள். அக்கா போனாள். பக்கத்து வீட்டு வானொலிப் பெட்டியில் அகஸ்ரீனா கேட்டாள். அதே பாட்டு. மூன்றாவது வரிக்குப் பிறகு அக்கா நின்றாள். வயலினும் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பாட்டுத் தொடர்ந்தது. அக்கா மூச்சு இளைத்து நின்றுவிட்டாள் என்றுதான் அகஸ்ரீனா நினைத்தாள். "அதே பாட்டடி, என்ன வடிவாப் பாடுறாள்!" என்றார்கள் கூடக் கேட்டவர்கள். ஏதோ குறைகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. வருடக்கணக்காக வானொலியில் திரும்பத் திரும்பப் போனதும் அந்தத் தனிப்பாட்டுத்தான்.

அக்கா திரும்பி வந்த அன்று அகஸ்ரீனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அக்கா பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்து, பக்கத்தில் குந்திச் செதில் சுரண்டத் தொடங்கினாள். அதற்குப் பிறகு கல்யாணங்கள், பிள்ளைகள், சண்டை, இடம்பெயர்வு எல்லாம் வந்தன. எமிலியானா கன்னியர் மடத்துக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் இறந்தாள். அக்காவும் தங்கையும் கதைத்தார்கள், நல்லது கெட்டதில் கூடிநின்றார்கள். ஆனால் சேர்ந்து பாடவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில் ஒத்திகை. ஏர்னஸ்றின் மகள் றம்யா கீபோர்ட்டில் இருந்தாள். அகஸ்ரீனா அக்காவின் மெட்டை நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தாள். வந்தது தன்னுடைய கீழ்வழி. நிறுத்தி மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே.

"அன்ரி, இது வேறை பாட்டோ?" என்றாள் றம்யா.

"மெட்டு மறந்துபோச்சோ அக்கா?" என்றான் ஏர்னஸ்ற்.

"காதுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது."

"அப்ப வேறை பாட்டுப் பாடுவம். சனம் சிரிக்கப்போகுது."

"சிரிக்கட்டும். அக்காவுக்கு நான் வேறை பாட்டுப் பாடினதில்லை" என்றாள். பிறகு, "நிக்கிறதுக்கு எனக்கொரு சுவர் வேணும்."

"சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டோ பாடப்போறியள்? சுவாமி என்னைத்தான் பேசுவார்!"

பூசையன்று சனத்துக்கு நன்மை, நற்கருணை அப்பம், கொடுத்து முடிந்ததும் அவள் தூணைப் பார்த்து நின்று பாடத் தொடங்கினாள். ஏறாமல் இறங்காமல், நாலைந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றிவரும் பாட்டு. வாங்குகளில் இருந்த சனத்திடம் முணுமுணுப்பு எழுந்தது.

"இது அந்தப் பாட்டில்லையே?"

"சொல்லு அதுதான். மெட்டைத்தான் காணேல்லை."

இரண்டாவது வாங்கில் இருந்த அருளையா, பேசாலையில் வள்ளம் ஓட்டியவர், பொறுக்கமுடியாமல் தானே மெட்டை எடுத்தார். வள்ளத்து இயந்திரம்போலக் கரகரத்த குரல். ஆனால் மெட்டுச் சரி. அவரோடு பெண்கள் சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோயில் முழுக்கப் பாடியது. அகஸ்ரீனாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. எப்போதும் இப்படித்தானே என்று நினைத்துக்கொண்டு தன் வழியில் நின்றாள்.

மூன்றாவது வரி முடிந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வானொலியில் கேட்டுப் பழகிய இடத்தில் அப்படியே நின்றார்கள்.

"வந்து நில்லம்மா" என்று அவள் மட்டும் பாடினாள். அந்தச் சொற்கள் அந்த இடத்தில் அளவாக உட்கார்ந்தன. அக்காவுக்கு மூச்சு இளைப்பாற அவ்வளவு நேரம் எடுத்திருக்காது. வயலின்காரரும் சும்மா நின்றிருக்கமாட்டார், தங்கைகளின் இடத்தை விட்டுவைக்க அக்காதான் நிற்கச் சொல்லியிருக்கவேண்டும்.

எல்லோரும் மறுபடி எடுத்தார்கள். அவளும் கடைசிவரை பாடி முடித்தாள்.

அழுகை அப்போதும் வரவில்லை. வாசலில் அருளையா மறித்தார்.

"பிள்ளை, அந்த இடத்திலை புனிதமலர் ஏன் நிப்பாட்டினவள் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் விளங்கினது. இவ்வளவு காலமும் அவளுக்கு இளைப்பு எண்டெல்லோ நினைச்சன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான் அண்ணை" என்றாள் அகஸ்ரீனா.