மூன்றாம் தாள்

"11.10.2009, ஞாயிறு, வெம்பிளி. சீதன உறுதி, 1824. பிற்காலக் கைப்பிரதி, நான்கு தாள். பனங்காணி ஒன்று: வடக்கு ஒழுங்கை, கிழக்கு கோயிற்காணி, தெற்கு பெண்ணின் தமையன் காணி, மேற்கு வாய்க்கால். பனை நாற்பத்தொன்று. கிணற்றில் நான்கிலொரு பங்கு. வயல் இரண்டு, எல்லைகள் தனியே எழுதியுள்ளேன். மூன்றாம் தாள்: நகை ஐந்து உருப்படி. அடிமைகள் மூவர்."

என் குறிப்பேட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான். எங்கள் ஊர்ச்சங்கம் ஆண்டு மலர் போடுவதாக இருந்தது. திகதிகளில் எனக்குப் பிடிவாதம் என்பதால் பழைய காணிப் பத்திரங்களான உறுதிகளைப் பார்த்து நாலு பக்கம் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். உறுதிகள் அக்காவின் கணவரான அத்தானிடம் இருந்தன. இடம்பெயர்ந்தபோது எங்கள் ஆட்கள் சட்டி பானையை விட்டாலும் காணி உறுதியை விட்டதில்லை. அத்தானின் உறுதிகள் கொழும்பு, பாரிஸ் வழியாக ஒரு பொலித்தீன் பையில் வெம்பிளிக்கு வந்தவை.

அந்த வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊரில் போரை நிறுத்தக் கேட்டு அத்தான் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றார். உலகம் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கத்தித் தொண்டை கட்டிப்போனார். நானும் சில நாட்கள் போனேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒக்ரோபரில் நடந்ததை எழுதும்போது அதையும் எழுதியாக வேண்டும்.

ஒக்ரோபர் 17, சனிக்கிழமை. வட லண்டன் எட்மண்டனில் ஒரு மண்டபத்தில் அடிமை வணிகத்துக்கு பிரிட்டன் இழப்பீடு கொடுக்க வேண்டுமா என்று பொது விவாதம். அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அறுபது பேர் வரை இருந்தோம். தொடக்கத்திலிருந்தே சூடு. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இழப்பீடு கிடைத்தது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குத்தான், அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை என்று ஒருவர் விளக்கினார். முன்வரிசையில் இருந்த வயதான வெள்ளைக்காரர் எழுந்து, "என் பாட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் செத்தவன். நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? எத்தனை தரம்?" என்றார். பின்னாலிருந்து சிலர் ஊளையிட்டார்கள்.

அத்தான் எழுந்தார். "கொடுத்து முடிக்கும்வரை!" என்று ஆங்கிலத்தில் முழங்கினார். "அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். எங்களுக்கும் கொடுக்க வேண்டும்." கைதட்டல் பலமாக எழுந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் ஜமேக்காவில் பிறந்த ஒரு மூதாட்டி அமைதியாகக் கேட்டார்: "உங்கள் ஊரில் உங்கள் ஆட்கள் அடிமைகளை வைத்திருக்கவில்லையா?"

"ஒருநாளும் இல்லை," என்றார் அத்தான். "நாங்கள் நாகரிகமான மக்கள். 1824ஆம் ஆண்டு உறுதி என் வீட்டில் இருக்கிறது. அப்போதே எல்லாம் எழுத்தில் வைத்திருந்தோம்."

அந்த எழுத்தை ஆறு நாட்களுக்கு முன் நான் படித்திருந்தேன். அந்த 1833 சட்டம் இலங்கையைத் தொடவில்லை என்பதும், எங்களிடம் அடிமை முறை 1844 வரை சட்டப்படி இருந்தது என்பதும், யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அத்தான் கழற்றித் தந்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அத்தான் கார் எடுக்கப் போனார். நான் வாசலில் நின்றேன். பஸ் சாரதியின் சீருடைச் சட்டையோடு ஒரு பெண் என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"அண்ணை, கதைச்சவர் கிணத்தடி வீட்டுக்காரர்தானே?"

"ஓம். என்ர அக்காவின்ர மனுசன். நீங்கள்?"

தகப்பனின் பெயரைச் சொன்னார். எங்கள் ஊர்தான். ஆனால் ஊரின் எந்தப் பக்கம் என்பதும் அந்தப் பெயரிலேயே தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவரும் கண்டார்.

"அந்த உறுதியில எங்கட ஆக்களின்ர பேர் இருக்கும். சீதனத்தோட வந்த மூண்டு பேர் எண்டு அம்மா சொல்லுறவ. இருக்கோ?"

"மூண்டு பேர் இருக்கு," என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "எனக்குக் காசு வேண்டாம் அண்ணை. அந்த மனுசருக்கு அது விளங்காது, நீங்கள் விளங்கப்படுத்துங்கோ. எங்கட பக்கத்தில பழைய பேர் ஒண்டும் இல்லை. காணி இல்லை, அதால உறுதி இல்லை. உங்கட உறுதியிலதான் நாங்கள் இருக்கிறம். அந்தத் தாளைப் போட்டோக்கொப்பி எடுக்க வேணும். வேறை ஒண்டும் இல்லை."

செவ்வாய்க்கிழமை அத்தானுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"இண்டைக்குத் தாள் கேப்பினம். நாளைக்குக் காணி கேப்பினம். நீ ஆரின்ர பக்கம், தம்பி?"

"அவ கொப்பிதான் கேக்கிறா, அத்தான்."

"சரி, ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணிக்கு வரட்டும். பாக்கட்டும்." அவ்வளவு விரைவில் சம்மதித்தது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

ஒக்ரோபர் 25, ஞாயிறு. அந்தப் பெண் மனோர் பார்க்கிலிருந்து வந்தார். கதவைத் திறந்த அத்தான் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார்.

"மூண்டுக்குச் சொன்னது. இப்ப நாலு."

"இண்டைக்குக் குளிர்கால நேரத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு மாத்தினது, அண்ணை. உங்கட வீட்டில இன்னும் மாத்தேல்லை."

நேரம் பிழைத்ததைவிட அந்த 'அண்ணை'தான் அத்தானின் முகத்தை இறுக்கியது. ஊரில் இந்தப் பெண்ணின் தகப்பன் அத்தானின் தகப்பனை அப்படி அழைத்திருக்க முடியாது.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அத்தானுக்கும் எனக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. அவருக்குக் கடதாசிக் கோப்பை. பிறந்தநாள் விழாவில் மிஞ்சியதாக இருக்க வேண்டும், பலூன் படம் போட்டிருந்தது.

அவர் அதைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். "பஸ்ஸுக்குள்ள குடிக்க இது நல்லம், அக்கா. வீட்டுக்குள்ள என்னத்துக்கு?"

"எல்லாம் ஊறப் போட்டிருக்கு," என்றாள் அக்கா. கண்ணாடி அலுமாரியில் ஆறு கோப்பைகள் தெரிந்தன. அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. நான் என்னுடையதைக் குடித்து முடித்தேன்.

அத்தான் உறுதியை மேசையில் வைத்தார். வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒன்று, இரண்டு, பிறகு சாட்சிகளின் கையொப்பத் தாள்.

"இதில மூண்டு தாள்தான் இருக்கு."

"அவ்வளவும்தான். ஆரம்பத்திலயிருந்தே மூண்டு தாள்தான்," என்றார் அத்தான். "ஆரோ உங்களுக்குப் பிழையாச் சொல்லியிருக்கினம். எங்கட வீட்டில அப்பிடி ஆக்கள் இருக்கேல்லை. வேலைக்கு வந்தவையள், சாப்பாடு போட்டது. பிள்ளையள் மாதிரி வைச்சிருந்தது."

"பிள்ளையளை நகையோட சேர்த்தோ எழுதிறது?"

"இஞ்சை வந்து நியாயம் கதைக்க வேண்டாம்!"

அக்கா சமையலறை வாசலில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் நான் பேசினேன். "நாலு தாள் இருந்தது, அத்தான். பதினோராம் திகதி இதே மேசையில இருந்துதான் எழுதினனான்." பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். எனக்குள் சிறு பெருமிதம் இருந்ததை மறைக்க மாட்டேன். முப்பது வருடமாகத் திகதியும் விபரமும் எழுதி வந்ததற்கு அன்று பயன் வந்துவிட்டதென்று நினைத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தேன்.

அவர் விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். வடக்கு ஒழுங்கை. கிழக்கு கோயிற்காணி. பனை நாற்பத்தொன்று. விரல் கடைசி வரியில் நின்றது.

"பேர் எங்கை, அண்ணை?"

பெயர்கள் அந்தத் தாளில் இருந்தன. மூவரும் பெண்கள், தாயும் இரண்டு மகள்மாரும். நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, எண்ணி, 'மூவர்' என்று எழுதினேன். கிணற்றுப் பங்கைக்கூட விடாமல் எழுதியவன்தான்.

"பனையை எண்ணியிருக்கிறியள். எங்களையும் எண்ணியிருக்கிறியள்," என்றார் அவர். அத்தானிடம் பேசியபோது இல்லாத வெறுப்பு அந்தக் குரலில் இருந்தது. "அவர் ஒளிச்சார். நீங்கள் பாத்தும் எழுதேல்லை."

அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் ஒரு தாளைக் கிழித்து, நினைவில் இருந்த ஒரே பெயரை எழுதினேன். தாயின் பெயர் என்று நினைத்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அவர் அதைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"மலரில இதைப் போட்டிடாதேங்கோ. உங்கட பெருமைக்கு இல்லை இந்தப் பேர்."

நன்றி சொல்லவில்லை. சொல்லவும் காரணமில்லை. அவர் போனதும் அக்கா அந்தக் கடதாசிக் கோப்பையைத் தேத்தண்ணியோடு குப்பைக்குள் போட்டாள்.

மலருக்கு நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. மலர் வந்தது, அதில் அத்தான் எழுதிய வாழ்த்துரையில் 1824ஆம் ஆண்டு உறுதி பற்றி ஒரு வரி உண்டு. வெம்பிளி வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். டிசம்பரில் தொலைபேசியில் அக்கா தாழ்ந்த குரலில், தாளை எரித்தாகிவிட்டது, தேட வேண்டாம் என்றாள். யார் எரித்தது என்று சொல்லவில்லை. அப்படியொரு தாள் இருந்ததே இல்லை என்பதுதான் அத்தானின் சொல்.

நான் எழுதிக் கொடுத்த பெயர் தாயுடையதா, மகள்மாரில் ஒருத்தியுடையதா, அந்தத் தாளில் இருந்த பெயர்தானா என்பது சரிபார்க்கப்படவில்லை.