டாக்டர் விலக்கச் சொன்ன கத்திரிக்காய்

பத்மஜாவின் கை நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் எழுதும். வாய் நாள் முழுக்கச் சேர்த்தாலும் அத்தனை பேசாது. ஹவுரா பாலத்துக்கு இக்கரையில், டல்ஹவுசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் அவள் ஸ்டெனோ. மேனேஜர் சொல்லச் சொல்ல, கொக்கியும் கோடுமாகச் சுருக்கெழுத்தில் இழுத்துக்கொண்டு வந்து டைப் அடித்துக் கொடுப்பாள். அந்த நோட்டை வீட்டில் பார்த்தால், வங்கி அதிகாரியான அவள் கணவர் மஹாதேவன், "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்பார். பத்மஜாவுக்கு அதில் வருத்தமில்லை. வேறு யாருக்கும் புரியாத ஒன்று வீட்டில் இருப்பது எப்போதும் நல்லதுதானே.

தினமும் காலையில் கரியாஹாட்டில் டிராம் ஏறுவாள். அதே டிராமில் கம்பெனியின் டெஸ்பாட்ச் கிளார்க் பிரிட்டோவும் ஏறுவார். தூத்துக்குடிக்காரர். ஷார்ட்ஹேண்ட் இன்ஸ்டிட்யூட்டில் படித்து, வேகத் தேர்வில் மூன்று முறை விழுந்து, தபால் ஒட்டப் போனவர். சுருக்கெழுத்து படிக்க வரும். எழுதக் கை ஓடாது. ஜன்னலோரம் யாருக்கு என்பதில் இருவருக்கும் பதினெட்டு வருஷத் தகராறு. பத்மஜா கைப்பையை வீசி இடம் பிடிப்பாள். பிரிட்டோ தோற்பார். தகராறு அவ்வளவுதான்.

"மேடம், ஒரு நாளாவது விட்டுக்கொடுங்க. நானும் ஊரைப் பாக்கணும்லா?"

"ஊர் எங்கேயும் ஓடிடாது. ரிடையர் ஆனப்பறம் நிதானமா பாருங்கோ."

1998 ஜனவரியில் ஒரு நாள் மேனேஜர் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு கடிதம் சொன்னார். வியாபாரம் படுத்துவிட்டது, பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று கடிதம். பிறகு பெயர்கள். இரண்டாவது பெயர் பிரிட்டோ. பென்சில் நிற்கவில்லை, அதற்குப் பழக்கம் அப்படி.

"பன்னிரண்டு நாளைக்கு இது வெளியே போகக்கூடாது. போனால் பதினைந்தாவதாக ஒரு பெயர் சேரும்" என்றார் மேனேஜர், பத்மஜாவைப் பார்க்காமலே. பத்மஜாவுக்குப் பதினைந்தாவதாக இருக்க விருப்பமில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் டிராமில் அவள் கைப்பையை வீசவில்லை. குளிர்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். தலைவலி என்றாள். "நீங்களே உக்காருங்கோ பிரிட்டோ சார்" என்றாள். பிரிட்டோ ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரைப் பார்த்தார். பதின்மூன்றாம் நாள் கடிதம் அவர் கைக்கு வந்தது. மாலையில் அவள் மேஜை பக்கம் வந்து, "வரேன் மேடம்" என்றார். பத்மஜா டைப்ரைட்டர் ரிப்பனில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் குனிந்துகொண்டாள். ரிப்பனில் ஒரு கோளாறும் இல்லை.

அதற்குப் பிறகு பிரிட்டோ சாந்த்ராகாச்சியில் மச்சான் வீட்டுப் பக்கம் குடிபோய், ஸ்டேஷன் அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகக் காதில் விழுந்தது. ஹவுரா போய் லோக்கல் ரயில் பிடித்தால் போய்ச் சேரும் இடம். பத்மஜா இரண்டு வருஷம் போகவில்லை.

போகாதவளுக்குக் கை அரித்தது. முதலில் உள்ளங்கை, பிறகு விரலிடுக்கு. தோல் வெடித்து, பென்சில் பிடித்தால் எரியும். கடையில் கிடைத்த களிம்பெல்லாம் தடவினாள். வேப்பெண்ணெய் போட்டாள், ஆபீஸே மூக்கைப் பொத்தியது. தூக்கமும் போயிற்று. கடைசியில் கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பெங்காலி டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ஒரு களிம்பு எழுதினார். "ஏதோ சாப்பாடு ஒத்துக்கலை, தீதி. பதினைந்து நாள் சாப்பிடறதையெல்லாம் ஒண்ணுவிடாம எழுதிக் கொண்டுவாங்க" என்றார்.

எழுதினாள். புண்கைக்கு நீட்டி எழுத முடியாததால், டாக்டரிடம் படித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று சுருக்கெழுத்தில் எழுதினாள். காலை இட்லி மூன்று. மதியம் சாதம், பருப்பு, கத்திரிக்காய் வதக்கல். இரவு சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று சொல்லாமல் விட்டால் டாக்டர் கேட்பாரே என்று அதையும் எழுதினாள்: டிராமில் பிரிட்டோ மாதிரி ஒருவர் ஏறினார், வேறு ஆள்தான், ஆனாலும் சோறு இறங்கவில்லை. பென்சில் அதோடு நிற்கவில்லை. யாரோ டிக்டேஷன் கொடுப்பதுபோல் இருபது நிமிடம் ஓடியது. சொல்வது யார் என்று பார்த்தால் அவளேதான்.

முதல் இரண்டு நாள் நிலைமை மோசம். எழுதிவிட்டு அழுதாள், அரிப்பும் கூடியது.

"கைக்கு வைத்தியம் பாக்கப் போய் கண்ணையும் கெடுத்துப்ப போலிருக்கே. என்னதான் எழுதற?" என்றார் மஹாதேவன்.

"சாப்பாடு."

"இட்லிக்கா அழற? நான் பண்ணினதுகூட இல்லையே."

மூன்றாம் நாள் பென்சில் இன்னும் உள்ளே போனது. பயந்து வாயை மூடிக்கொண்டது மட்டும் அல்ல. அன்றைக்கு மேனேஜர் பதினான்காவது பெயரைச் சொல்லி நிறுத்தியபோது அவளுக்கு வந்தது துக்கம் இல்லை. 'என் பேர் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். பிரிட்டோ பெயரை எழுதிய அதே பக்கத்தில் சந்தோஷப்பட்டேன்.' இந்த இரண்டு வரியை இழுத்துவிட்டு நோட்டை மூடினாள். மறுநாள் அவள் எழுந்தபோது பால் பூத்தில் பாலே தீர்ந்துவிட்டிருந்தது. அப்படி ஒரு தூக்கம். மஹாதேவன் கறுப்புக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். எழுப்பாமல் இருந்ததே அவர்தான்.

பதினைந்து நாளில் வெடிப்பு மூடத் தொடங்கியது. டாக்டர் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு புரட்டினார்.

"இது என்ன, உங்க ஊர் எழுத்தா?"

"ஆமாம்" என்றாள் பத்மஜா. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு பொய் சொன்னதில்லை.

டாக்டர் கெட்டிக்காரர். பக்கத்துக்குப் பக்கம் ஒரே கோடு திரும்பத் திரும்ப வருவதைப் பிடித்துவிட்டார். அதன்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்றார்.

அது பிரிட்டோ.

"கத்திரிக்காய்" என்றாள் பத்மஜா.

"நினைச்சேன். இதை அறவே விட்டுடுங்க."

அன்று மதியமும் அவள் கத்திரிக்காய்தான் சாப்பிட்டாள். களிம்புக்கும் பங்கு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் அதே மாதிரி களிம்புகளை இரண்டு வருஷம் தடவியவள் அவள். தூக்கம் எந்தக் களிம்பில் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பூஜை முடிந்ததும் டாக்டருக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் அவளைக் காட்டி மற்ற நோயாளிகளைக் கத்திரிக்காயிலிருந்து காப்பாற்றுவார்.

கை ஆறியதும் ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளிடம் அதைக் கொடுப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்த்ராகாச்சியில் இறங்கினாள்.

பிரிட்டோ ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் இருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தார். "வாங்க மேடம்" என்றார், நேற்று பார்த்ததுபோல. பத்மஜா நோட்டை நீட்டினாள். வாய் வராத இடத்தில் கை நீள்வது ஒன்றும் தப்பில்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். வேகத் தேர்வில் விழுந்தவர்; ஒவ்வொரு கோடாக உதடு அசைத்துப் படித்தார். ஒருவர் ரேஷன் கார்டு நகலெடுக்க வந்து, நின்று, போய்விட்டார். மூன்றாம் நாள் பக்கத்தில் உதடு நின்றது. பத்மஜா கடைக்கு வெளியே ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றார் பிரிட்டோ.

"என்ன தெரியும்?"

"பதினெட்டு வருஷமா கிடைக்காத ஜன்னல் சீட்டு திடீர்னு தினமும் கிடைச்சா, ஒருத்தனுக்குச் சந்தேகம் வராதா? முதல் நாள் உங்களுக்கு மேலுக்குச் சரியில்லைன்னு நினைச்சேன். மூணாம் நாள், சரியில்லாதது எனக்குத்தான்னு புரிஞ்சிட்டு. அன்னைக்கே மச்சான்கிட்ட இந்தக் கடையைப் பேசச் சொல்லிட்டேன். லெட்டர் வந்த அன்னைக்குச் சாவி என் பையில இருந்துச்சு."

"சொல்லவேயில்லையே நீங்க."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க டைப்ரைட்டரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

பத்மஜா அந்த இரண்டு வரியைத் தொட்டுக் காட்டினாள். "இது?"

பிரிட்டோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தார். "போர்டுல லிஸ்ட் ஒட்டினப்ப நான் முதல்ல தேடினது உங்க பேரைத்தான். இல்லைன்னதும் எனக்கும் சந்தோஷம்தான். ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருக்கோம், விடுங்க."

அப்புறம்தான் பத்மஜா டாக்டர் கதையைச் சொன்னாள். தன் பெயருள்ள கோட்டின்மேல் அந்த மனிதர் விரல் வைத்து அறவே விலக்கச் சொன்னதைக் கேட்டு, பிரிட்டோ மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பதினெட்டு வருஷப் பழக்கம். கடைசியில கத்திரிக்காய்."

"உங்களாலதான் எனக்கு அரிப்புன்னு டாக்டரே சொல்லிட்டார். நான் என்ன பண்ண?" என்றாள் பத்மஜா. ஒரே மூச்சில் அவள் அத்தனை சொல் பேசி அவர் கேட்டதில்லை.

ரயிலேற்றிவிட அவரும் வந்தார். ஹவுரா லோக்கல் வந்து நின்றதும், அவளுக்கு இடம் பிடிக்கிறேன் என்று முண்டியடித்து ஏறினார். பத்மஜா பின்னால் ஏறிப் பார்த்தபோது, பிரிட்டோ ஜன்னலோரத்தில் சாவகாசமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திருங்கோ. வண்டி கிளம்பிடும்."

"இருங்க மேடம். ஊரைப் பாத்துக்கறேன்."

ஹாரன் ஊதிய பிறகுதான் எழுந்தார்.